முந்தைய கசிவில் ஓர் அடக்கம் இருந்தது

மேட்டுநிலக் குரல் வானொலி நிலையம் பதினோரு ஆண்டுகளில் ஒரு கதையைக்கூட நிராகரித்ததில்லை. இதைப் பித்தளைப் பலகையில் பொறித்து வாசலிலேயே மாட்டியிருந்தார்கள். அதே பதினோரு ஆண்டுகளில் ஒரு கதையைக்கூட ஒலிபரப்பியதில்லை என்பதையும் சேர்த்துப் பொறிக்கப் பலகையில் இடம் போதவில்லை.

எர்மினியா வில்காவுக்கு இது தெரியாது. அவள் தோலாபம்பா பள்ளிக்கூடத்தில் சமையல் செய்பவள். இரண்டு வருஷத்துக்கு முன்பு ஒருரோ நகரத்திலிருந்து வானொலிக்காரர்கள் ஜீப்பில் வந்து, ஊருக்கு ஒரு மக்கள் நிருபரை நியமிக்கப் போவதாகச் சொல்லிக் கூட்டம் போட்டார்கள். அடுப்பில் சூப்பு கொதித்துக்கொண்டிருந்ததால் எர்மினியா பாதியில் எழுந்தாள். எழுந்து நின்றவள் அவள் ஒருத்திதான் என்பதால் எல்லோரும் கைதட்டினார்கள். உள்ளங்கையளவு ஒலிப்பதிவுக் கருவி ஒன்றையும், அவள் பெயரைத் தப்பாக எழுதிய அடையாள அட்டை ஒன்றையும் கொடுத்துவிட்டு ஜீப் போய்விட்டது.

இரண்டு வருஷமாக அந்தக் கருவி மாவுச் சட்டிக்குள் பத்திரமாக இருந்தது. செப்டம்பர் கடைசியில் ஒருநாள், லாமா மந்தை மேய்க்கும் அனாக்லேத்தோ பள்ளிக்கூட அடுப்படிக்கு வந்து, தொப்பியைக் கழற்றாமலே சொன்னார்.

"எர்மினியா, கரை வேர்க்குது."

ஊருக்கு மேலே, மலை இடுக்கில், சுரங்கக் கம்பெனியின் கழிவுக் குளம் இருந்தது. தாதுவை அரைத்து எடுத்தபிறகு மிஞ்சும் சாம்பல்நிறச் சேற்றையும் மருந்துத் தண்ணீரையும் முப்பது வருஷமாக அங்கேதான் கொட்டினார்கள். அதைத் தாங்கி நின்றது ஒரு மண்கரை. அதன் அடியில்தான் அனாக்லேத்தோவின் லாமாக்கள் மேயும். எர்மினியா கருவியை எடுத்துக்கொண்டு அவருடன் போனாள். கரையின் இடுப்புயரத்தில் ஈரம் கோடு கட்டியிருந்தது. அவர் உள்ளங்கையை வைத்து எடுத்துக் காட்டினார். கை நனைந்திருந்தது.

அவள் அதைப் பதிவு செய்தாள். சொட்டும் சத்தம், அனாக்லேத்தோ பேசியது, பேச்சுக்கு நடுவில் அவர் இருமியது, எல்லாம். கம்பெனிக் காவலாளி ஒருவன் குரலைத் தாழ்த்திச் சொன்னதும் அதில் இருந்தது. "என் பேரைப் போட்டுடாதீங்கக்கா. நான் என் பெஞ்சாதி பிள்ளைங்கள ஒருரோவுக்கு அனுப்பி ஒரு மாசம் ஆச்சு. மழை புடிச்சா இது நிக்காது." மொத்தம் இருபத்திரண்டு நிமிஷம்.

கம்பெனி அலுவலகத்தில் கரை நலமாக இருப்பதாகச் சொன்னார்கள். மாவட்ட அலுவலகத்தில், "ரேடியோவுல வந்துச்சா?" என்று கேட்டார்கள். ஊர்க்கூட்டத்திலும் அதே கேள்விதான். தோலாபம்பாவில் கைபேசி எடுக்காது. ஆனால் வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி உண்டு, அதில் மேட்டுநிலக் குரல் மட்டும்தான் கேட்கும். யார் செத்தார்கள், எங்கே சாலை மறியல், உருளைக்கிழங்கு என்ன விலை என்பதெல்லாம் அதில் சொன்னால்தான் உண்மை. அனாக்லேத்தோவின் மனைவி பசிலியா எல்லோருக்குமாகச் சேர்த்துச் சொன்னாள்: "நீ நல்லவதான் எர்மினியா. ஆனா நெஜமாவே ஆபத்துன்னா ரேடியோவுல சொல்லியிருப்பாங்கல்ல?"

ஆகவே எர்மினியா சமையல் பொறுப்பைப் பசிலியாவிடம் கொடுத்துவிட்டு, முதுகில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டு, ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து ஒருரோ வந்து சேர்ந்தாள்.

நிலையத்தில் கதைகளை நேரடியாக வாங்கிக்கொள்வதில்லை. அவை முதலில் ஆக்கபூர்வக் கருத்துரை மன்றத்தின் முன் கேட்கப்பட வேண்டும். மன்றத்தில் மூன்று பேர். மூவரையும் லிசென்சியாதோ, லிசென்சியாதா என்றுதான் கூப்பிட வேண்டும். ஆண் பட்டதாரி, பெண் பட்டதாரி என்று பொருள். வாசலில் துடைப்பம் வைத்திருந்தவரையும் எர்மினியா ஜாக்கிரதையாக லிசென்சியாதோ என்றே கூப்பிட்டாள். அவர் மறுக்கவில்லை.

தலைவர் லிசென்சியாதோ இத்துரால்டே விதிகளை வாசித்தார். கருத்துச் சொல்லும்போது படைப்பாளி வாய் திறக்கக் கூடாது. மன்றத்தில் 'ஆனால்' என்ற சொல் தடை செய்யப்பட்டது, அது மனதைக் காயப்படுத்தும். அதற்குப் பதிலாக 'மேலும்' என்று சொல்லலாம். மேலே ஒரு பாராட்டு, நடுவில் ஒரு யோசனை, கீழே ஒரு பாராட்டு. கடைசியில் படைப்பாளி நன்றி சொல்லலாம்.

இருபத்திரண்டு நிமிஷமும் கண்ணை மூடிக் கேட்டார்கள். பிறகு உணர்வுநிலை ஆலோசகர் லிசென்சியாதா உர்கீதி பெருமூச்சு விட்டாள்.

"அந்தச் சொட்டுச் சத்தம் இருக்கே, அப்படியே என் சின்ன வயசுக்குப் போயிட்டேன். மேலும், அந்த லாமாக்காரர், அவர் பேரென்ன, அவர் ஆரம்பத்துலயும் பயப்படுறாரு, கடைசியிலயும் பயப்படுறாரு. அவருக்குள்ள ஒரு மாற்றம் வரணும். மேலும், இருமல் அற்புதம்."

"இருமல் கொஞ்சம் அதிகம்னு எனக்குப் பட்டது, மேலும் அழகா இருந்தது," என்றார் ஒலி வல்லுநர் லிசென்சியாதோ பெனாவிதெஸ்.

எர்மினியா பொறுக்க முடியாமல் கையைத் தூக்கினாள். "ஆனா ஐயா, இன்னும் ஒரு மாசத்துல மழை வந்துடும். கரை கசியுது. கீழ நாப்பத்தியோரு பேரு இருக்கோம்."

அறையில் யாரோ தட்டை உடைத்ததுபோல அமைதி. தலைவர் கனிவாகச் சிரித்தார்.

"'மேலும் கரை கசிகிறது' என்று சொல்லிப் பாருங்கம்மா."

"மேலும் கரை கசியுதுங்க."

"பாத்தீங்களா, எவ்வளவு இதமா இருக்கு."

பிறகு அவர் முடிவுரை சொன்னார். "எங்க யோசனை ஒண்ணே ஒண்ணுதான். உங்க கதைக்கு முடிவு இல்ல. கரை கசியுது, கசியுது, கசிஞ்சுக்கிட்டே இருக்கு. கேக்குறவன் எங்க போவான்? நீளத்தையும் பாதியாக் குறைங்க. அவசரப்படாதீங்க. நாங்க எதையும் நிராகரிக்கிறவங்க இல்ல."

படைப்பாளி நன்றி சொன்னாள்.

ஒலிப்பதிவு அறையில் வேலை பார்த்த ஃபௌஸ்தோ மட்டும்தான் அந்தக் கட்டடத்தில் பட்டதாரி இல்லை. அவன் மதியச் சாப்பாட்டை விட்டுவிட்டு அவள் கூட உட்கார்ந்து கதையைப் பதினோரு நிமிஷமாகக் குறைத்துக் கொடுத்தான். "செய்திப் பிரிவுல கேட்டுப் பாருங்கக்கா, அடுத்த மாடிதான்," என்றும் சொன்னான்.

செய்திப் பிரிவில் இருந்தவர் தட்டச்சு செய்துகொண்டே கேட்டார். "என்ன நடந்துச்சு?"

"கரை கசியுதுங்க."

"அது நடந்துக்கிட்டு இருக்கு. நடந்து முடிஞ்சது என்ன?"

"இன்னும் ஒண்ணும் முடியலைங்க."

"அப்ப அது செய்தி இல்லம்மா, அது கதை. கீழ மாடிக்குப் போங்க. ஒடைஞ்சதும் வாங்க, மொத ஆளா உங்களத்தான் கூப்பிடுவோம்."

இரண்டு வாரம் கழித்து எர்மினியா மறுபடி வந்தாள். இதற்குள் ஈரக் கோடு ஒரு முழ அகலமாகியிருந்தது; சொட்டு நின்று, ஒழுக்காகிவிட்டது. அவள் அந்தச் சத்தத்தைப் புதிதாகப் பதிவு செய்து கதையின் தொடக்கத்தில் வைக்க ஃபௌஸ்தோவிடம் சொல்லியிருந்தாள். இதைக் கேட்டாலாவது புரியும் என்று நினைத்தாள்.

லிசென்சியாதோ பெனாவிதெஸ் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அவர் முகத்தில் மெய்யான வருத்தம் இருந்தது.

"உழைப்பு தெரியுது. மேலும், முந்தைய கசிவில் ஓர் அடக்கம் இருந்தது. ஒவ்வொரு சொட்டுக்கும் நடுவுல ஒரு மௌனம். இது கொஞ்சம் மிகையா இருக்கு. கேக்குறவனை மெரட்டுற மாதிரி."

"நான் ஒண்ணும் செய்யலைங்க, தண்ணி அப்படித்தான் வருது."

"உண்மையா இருந்தா மட்டும் போதாதும்மா. நம்பற மாதிரி இருக்கணும்."

லிசென்சியாதா உர்கீதி பதினோரு நிமிஷம் அவசரமாக ஓடுவதாகவும், பழைய நீளத்தில் ஒரு தியானம் இருந்ததாகவும் கருதினாள். அத்துடன் அவளுக்கு ஒரு புதிய யோசனையும் தோன்றியிருந்தது.

"எல்லாரும் கரையைப் பத்திப் பேசுறாங்க. லாமாக்காரர் பேசுறாரு, காவலாளி பேசுறாரு. கரை பேசவே இல்ல. அதோட தரப்பு என்ன? முப்பது வருஷமா அது தனியா அவ்வளவு பாரத்தையும் தாங்குது. அதுக்குள்ள என்ன ஓடுதுன்னு யாராவது கேட்டோமா?"

"நடுநிலைக்கும் அது நல்லது," என்றார் தலைவர், குறித்துக்கொண்டே.

எர்மினியா மூன்று பேருடைய முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். யாராவது ஒருவர் சிரித்துவிட்டால் போதும், தானும் சிரித்துவிட்டு எழுந்து போய்விடலாம் என்று காத்திருந்தாள். ஒருவரும் சிரிக்கவில்லை. நிலையத்தில் அன்று பரிமாறிய சூடான ஊதா மக்காச்சோளக் கூழ் அவள் கையிலேயே ஆறி ஆடை கட்டியது. தனக்குத்தான் ஏதோ விளங்கவில்லை, பள்ளிக்கூடம் ஆறாவதோடு நின்றதால் இருக்கும் என்று நினைத்தாள்.  கூழைக் கீழே வைத்துவிட்டு நன்றி சொன்னாள்.

நவம்பர் நடுவில் அவள் கரையைப் பேட்டி எடுத்தாள்.

வேறு வழி தெரியவில்லை. கருவியை நீட்டிப் பிடித்துக்கொண்டு கரையின் அடியில் நின்று, வெட்கத்தோடு, "உன் தரப்பு என்ன, சொல்லு," என்று கேட்டாள். சற்றுத் தள்ளி அனாக்லேத்தோ தொப்பிக்குக் கீழே கோக்கா இலையை மென்றுகொண்டு நின்றார்.

"பதில் சொல்லுதா?" என்றார்.

"சிரிக்காதீங்க அண்ணே. இதைச் செஞ்சாத்தான் போடுவாங்களாம்."

"நான் எங்க சிரிச்சேன். இது பேசினா எனக்கும் கேக்கணும்னு இருக்கு."

நான்கு நிமிஷம் ஒழுக்குச் சத்தம் மட்டும் வந்தது. பிறகு கரையின் வயிற்றுக்குள்ளிருந்து, பெரிய துணியை மெதுவாகக் கிழிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. மேலேயிருந்து கற்கள் உருண்டு வந்து அவர்கள் காலடியில் நின்றன. இரண்டு பேரும் ஓடினார்கள். அவர்கள் மூச்சிரைத்ததும் பதிவில் இருந்தது.

மன்றத்தில் அதைக் கேட்டு முடித்தபோது லிசென்சியாதா உர்கீதியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"மனம் திறந்துடுச்சு," என்றாள். "முப்பது வருஷத்துக்கு அப்புறம் அந்தக் கரை மனம் திறந்து பேசியிருக்கு."

மூவரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நிலையத்தின் ஆண்டு விழாவையொட்டி நடக்கும் 'ஆக்கபூர்வ நேரம்' நேரடி ஒலிபரப்புக்கு இந்த ஆண்டு எர்மினியாவின் கதையே மாதிரிக் கதை என்று தலைவர் அறிவித்தார். அடுத்த வியாழன், காலை பதினோரு மணி.

"கதையை ஒலிபரப்புவீங்களா ஐயா?" என்று கேட்டாள்.

"கருத்துகளை ஒலிபரப்புவோம். கதைக்கு நேரம் போதாது."

"கதையைக் கேக்காம கருத்தைக் கேட்டு என்னங்க புரியும்?"

தலைவர் அவள் தோளைத் தட்டினார். "இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. யோசிச்சுப் பாருங்க. கதையை வெளியில விட்டா, கேக்குறவன் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான். கொச்சையாச் சொல்லுவான், சிலபேர் நடுவுலயே அணைச்சுடுவான். அந்தக் காயத்துலேர்ந்து படைப்பாளியைக் காப்பாத்துறதுதான் இந்த மன்றம். பதினோரு வருஷத்துல ஒரு படைப்பாளிகூட எங்களால காயப்படல. கடைசியில உங்களுக்கு ரெண்டு நிமிஷம் நன்றியுரை உண்டு."

செவ்வாய்க்கிழமை மழை தொடங்கியது. புதன்கிழமை எர்மினியா பேருந்தில் ஏறும்போது ஆற்றில் தண்ணீர் சாம்பல்நிறமாக வந்தது. ஏறுமுன் வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் அவளுக்கு நல்ல சேதி கேட்டதுபோல மகிழ்ந்தார்கள். "வியாழன் பதினோரு மணிக்கா? கண்டிப்பாக் கேக்குறோம்," என்றாள் பசிலியா. "ரேடியோவுல என்ன சொல்றாங்களோ அப்படியே செய்வோம்."

நேரடி ஒலிபரப்பு சரியாகப் பதினோரு மணிக்குத் தொடங்கியது. கதையின் பெயர் சொல்லப்பட்டது. அடுத்த ஐம்பத்தெட்டு நிமிஷமும் மேட்டுநிலம் முழுவதும் அதன் நிறைகளைக் கேட்டது. சொட்டின் மௌனம், காவலாளியின் தயக்கம், லாமா மேய்ப்பவரின் இருமல் தேவையா இல்லையா, கரையின் தனிமை. கரை எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. அதன் கீழே ஊர் இருப்பதையும் சொல்லவில்லை. எர்மினியா ஒலிவாங்கிக்கு முன்னால் மடியில் கையை வைத்து உட்கார்ந்திருந்தாள். வெளியே மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.

"இப்போது படைப்பாளி நன்றி கூறுவார்."

கண்ணாடிக்கு அப்பாலிருந்து ஃபௌஸ்தோ கையசைத்தான். மன்றம் எழுதிக் கொடுத்திருந்த தாளை எர்மினியா கவிழ்த்து வைத்தாள்.

"தோலாபம்பா ஆளுங்களே, நான் எர்மினியா பேசுறேன். கரை ஒடையப் போவுது. நம்ம கரைதான், கழிவுக் குளத்துக் கரை. இப்பவே கெளம்புங்க. ஆடு, லாமாவைப் பத்தி நெனைக்காதீங்க. கல்லறை மேட்டுக்கு ஏறுங்க. பசிலியா அக்கா, ரேடியோவுல சொன்னா நம்புறேன்னீங்க. இது ரேடியோதான். ஏறுங்க."

இதையே அவள் நான்கு முறை சொன்னாள். பெனாவிதெஸ் எழுந்து கண்ணாடியைத் தட்டி நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினார். ஃபௌஸ்தோ குனிந்து ஏதோ கம்பியைத் தேடத் தொடங்கினான். தேடி முடிக்க அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று.

கடைசியில் தலைவர் தன் ஒலிவாங்கியை இழுத்துக்கொண்டார். அவர் பதறவில்லை, பதினோரு வருஷப் பயிற்சி.

"நேயர்களே, என்ன ஒரு உயிரோட்டமான நன்றியுரை. ஒரு நிமிஷம் எனக்கே நிஜம்போலத் தோன்றியது. இப்படித்தான் ஒரு படைப்பாளி வளர்கிறாள். தொடர்ந்து இசை."

எர்மினியா அதைக் கேட்டாள். நாற்காலியிலிருந்து எழுந்தவள், அது மேட்டுநிலம் முழுவதற்கும் கேட்டிருக்கும் என்பது உறைத்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு படியிறங்கி ஓடினாள்.

பேருந்து பாதி வழியில் சேற்றில் நின்றது. அங்கே மட்டும் அவள் கைபேசி எடுத்தது. நிலையத்திலிருந்து லிசென்சியாதா உர்கீதி பேசினாள். நன்றியுரை மிக மனதைத் தொட்டதாகவும், மேலும் ஒன்பது வினாடி அதிகமாகிவிட்டதாகவும், மேலும் அதில் நன்றி என்ற சொல் வரவில்லை என்றும், திருத்திய நன்றியுரையைத் திங்கட்கிழமைக்குள் கொடுத்தால் மன்றம் அன்போடு பரிசீலிக்கும் என்றும் சொன்னாள். எர்மினியா கைபேசியை அணைத்தாள். அன்று சாலை திறக்கவில்லை. விடிந்ததும் நடக்கத் தொடங்கினாள்.

அவள் ஊர் எல்லைக்கு வந்தபோது மதியம். ஊர் இல்லை. பள்ளிக்கூடத்தின் கூரை மட்டும் சாம்பல்நிறச் சேற்றுக்கு மேலே தெரிந்தது. காலை பத்து மணிவாக்கில் கரையின் ஒரு பக்கம் விட்டுக்கொடுத்துவிட்டது. மறுபக்கம் இன்னும் நின்றது.

கல்லறை மேட்டில் புகை எழுந்துகொண்டிருந்தது. அவள் கைகளையும் ஊன்றி ஏறினாள். சிலுவைகளுக்கு நடுவில் தார்ப்பாயைக் கட்டி எல்லோரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். அவள் எண்ணினாள். அவளையும் சேர்த்து நாற்பது.

யாரும் அழவில்லை. முதலில் தச்சர் செவெரோ பேசினார். "கம்பளி எடுத்துக்கிட்டு ஏறுங்கன்னு சொல்லியிருக்கலாம் எர்மினியா. புள்ளைங்க ராத்திரியெல்லாம் வெறச்சுப் போச்சு."

"செவிடரு வீட்டுல ரேடியோ கேக்காதுன்னு ஒனக்குத் தெரியும்," என்றாள் இன்னொருத்தி. "பக்கத்து வீட்டைத் தட்டிக் கூட்டிக்கிட்டு வாங்கன்னு சொல்லணும். நாங்களா ஞாபகம் வந்து பாதியில திரும்பிப் போயி கூட்டியாந்தோம்."

எர்மினியா தலையாட்டினாள். பசிலியா தார்ப்பாயின் ஓரத்தில், அனாக்லேத்தோவின் தொப்பி இல்லாமல், அவர் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் குரலில் கோபமே இல்லை.

"நீ சொன்னதும் ஏறினோம். எல்லாருக்கும் முன்னாடி அவருதான் ஏறினாரு. இன்னைக்குக் காலையில, நேத்து அந்தப் பெரியவரு ரேடியோவுல நீ நல்லாச் சொன்னேன்னு பாராட்டினாரே, நெஜம் மாதிரி இருந்துச்சுன்னாரே, அதையே நெனைச்சுக்கிட்டு இருந்தாரு. அப்ப அது நாடகமா இருக்கும், லாமாவை அவுத்து விட்டுட்டு வரேன்னு எறங்கினாரு. ஏறுங்கன்னு சொன்னே. திரும்பி எறங்காதீங்கன்னு நீ சொல்லலையே எர்மினியா."

 எர்மினியா பசிலியாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். அது ஐஸ்போல இருந்தது.  பிறகு பசிலியாவே கையை விடுவித்துக்கொண்டு, ஆற்றின் போக்கில் கீழே காட்டினாள்.

"மீதிக் கரையும் நிக்காது. கீழ பால்க்காவுல அறுபது பேரு இருக்காங்க."

பால்க்கா இரண்டு மணி நடை. எர்மினியா மலைச்சரிவோடு ஓடினாள், விழுந்தாள், எழுந்து ஓடினாள். முதல் வீட்டின் வாசலில் ஒரு பெண் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே வானொலியில் இசை ஓடியது.

"நீங்கதான அந்த எர்மினியா," என்றாள் அவள், சிரித்த முகத்தோடு. "நேத்து கேட்டோம். ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு எல்லாரும் சொன்னாங்களே."

எர்மினியாவுக்கு மூச்சிரைத்தது. வாசல் மரத்தைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை எதையும் விட்டுவிடக் கூடாது என்று மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்த்துக்கொண்டாள்.

"மேட்டுக்கு ஏறுங்க. கம்பளி எடுத்துக்குங்க. போறப்ப பக்கத்து வீட்டைத் தட்டிக் கூட்டிக்கிட்டுப் போங்க. யாரு என்ன சொன்னாலும், நான் வந்து சொல்ற வரைக்கும், எதுக்காகவும் திரும்பி எறங்காதீங்க. எங்க ஊர்ல ஒருத்தரு எறங்கிட்டாரு."

அந்தப் பெண்ணின் சிரிப்பு அப்படியே நின்றது. எர்மினியாவின் பாவாடையில் இடுப்புவரை அப்பியிருந்த சாம்பல்நிறச் சேற்றை அவள் பார்த்தாள். கத்தியைக் கீழே போட்டாள். ஒரு கேள்விகூடக் கேட்காமல் எழுந்து, பக்கத்து வீட்டுக் கதவை நோக்கி ஓடினாள்.